இருட்டில் ஓடிய ஆறாவது ஆள்

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். மாடி அறையில் ஒருத்தி தனியாக இருக்கிறாள் அல்லவா, அவளுக்கு ஒரு மகள் இருந்தாளாம். வயசுப் பெண், வீட்டை விட்டு ஓடிப்போனாளாம், போன இடத்தில் செத்தும் போனாளாம். செத்தவள் சும்மா கிடப்பாளா? அம்மாவைத் தேடித் திரும்பி வந்து, சாயங்காலமானால் மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாளாம். அம்மாக்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் அந்த ஆவியிடம் நைசாகப் பேசி சினிமா ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போய், ஒரு படத்துக்குள் விட்டு அடைத்துவிட்டு வந்துவிட்டாளாம். அதனால்தான் அந்தப் படத்தில் ஐந்து பையன்கள் ஓடும்போது ஆறு பேர் காலடி கேட்கிறதாம். அன்றையிலிருந்து மாடியில் சத்தமே இல்லையாம்.

சொல்கிறவர்கள் எல்லாரும் கையில் அடித்துச் சத்தியம் செய்கிறார்கள். பேய்க்குத்தான் காலே கிடையாதே, அப்புறம் காலடி எப்படி என்று ஒரு குதர்க்கக்காரர் கேட்டார். "அதுக்குத்தான்யா ஷூ வாங்கிக் குடுத்தா" என்று பட்டென்று பதில் வந்தது.

நடந்தது வேறு. அதில் பேய் இல்லை என்பதால் கேட்க ஆளும் இல்லை. ஆனால் ஷூ உண்டு, ஓட்டம் உண்டு, ஓடிப்போனவளும் உண்டு. அதனால் உட்கார்ந்து கேட்கலாம், மோசம் போய்விடாது.

மாடி அறைக்காரியைத் தொழிலில் காலடி அக்கா என்று கூப்பிடுவார்கள். சினிமா பார்க்கிற நமக்கு ஒரு விஷயம் தெரியாது. ஷூட்டிங்கில் மைக் பேச்சை மட்டும்தான் உருப்படியாகப் பிடிக்கும். நடை, ஓட்டம், கதவு, பாத்திரம், சட்டை உரசுவது எல்லாம் பிறகு ஓர் ஆள் அடைத்த அறைக்குள் நின்று, திரையில் ஓடும் படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்து சேர்ப்பது. வில்லன் மாடிப்படி இறங்கி வருகிறான், உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது என்றால், கலக்கியது வில்லன் இல்லை. ஐம்பதைத் தாண்டிய, காலையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு பஸ் பிடித்து வந்த இந்த அம்மாள்தான்.

வேலைக்குத் தேவையென்று அவள் ஊர்ப்பட்ட செருப்பும் ஷூவும் சேர்த்து வைத்திருந்தாள். அறைக்குள் இடம் போதாமல் பாதி மாடி வாசலில் வரிசையாகக் கிடக்கும். குடிவந்த புதிதில் கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா மூச்சிரைக்க மேலே ஏறி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, ஒருத்திக்குத்தானே அறைன்னு பேசினோம்? இத்தனை ஆம்பளைச் செருப்பு கெடக்கே. யாரெல்லாம் உள்ள இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா. எல்லாம் நான்தான்."

"போலீஸ் பூட்ஸ் கெடக்கு?"

"அதுவும் நான்தான்."

வீட்டுக்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு, ஒரு டம்ளர். எந்த ஆண்பிள்ளையும் கட்டிலுக்கடியில்கூட இல்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒரு நல்ல வம்பு கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போனால் யாருக்குத்தான் வருத்தம் இருக்காது?

வேடிக்கை என்னவென்றால், ஊருக்கெல்லாம் காலடி போட்டுக் கொடுக்கிறவள் தன் அறைக்குள் பூனை மாதிரி நடப்பாள். வெறுங்கால், சத்தமே இருக்காது. கீழே இருக்கிறவளுக்கு இவள் வீட்டில் இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாது. தண்ணீர்க் குழாய் திறந்தால்தான் ஆள் இருப்பது தெரியும். நாள் முழுக்க அடுத்தவன் காலில் நின்றவளுக்கு, வீட்டுக்கு வந்த பிறகு சத்தம் போட்டு நடக்க எந்த அவசியமும் தோன்றவில்லை. நடந்தால்தான் யார் கேட்கப் போகிறார்கள்?

சின்ன வயசில் அவள் குரூப் டான்ஸில் ஆடியவள். கடைசி வரிசை, ஓரம். முதல் படம் வந்தபோது தன் அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனாள். "இதோ வருவேன் பாரு, இதோ வருவேன் பாரு" என்று பாட்டு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வந்தது ஒரு முழங்கை. படம் முடிந்து அம்மா அவள் கூடவே வீட்டுக்கு நடந்தாள். தெரு முனையில், "கை நல்லாத்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். பிறகு கணுக்கால் பிசகி ஆட்டம் நின்றது. அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். இந்தச் சத்தம் சேர்க்கிற எஃபெக்ட்ஸ் வேலைக்கு ஆள் இல்லாத ஒரு நாளில், சும்மா நின்றவளைப் பிடித்து நடக்கச் சொன்னார்கள். அன்றைக்கு நடக்க ஆரம்பித்தவள்தான்.

இப்படி இருக்கும்போது ஒரு படம் வந்தது. சின்ன பட்ஜெட் படம் என்று மரியாதைக்குச் சொல்வார்கள். பட்ஜெட்டே இல்லாத படம். வீட்டை விட்டு ஓடிவந்த இளவட்டங்கள் ஆறு பேர், ஐந்து பையன்களும் ஒரு பெண்ணும், ஒரு பாழடைந்த கிடங்கில் தங்கிக்கொண்டு பஸ்ஸில் செல்போன் அடித்துப் பிழைக்கிறார்கள். ஒருநாள் ஆள் தெரியாமல் ஒரு பையை அடித்துவிடுகிறார்கள். பைக்குள் துப்பாக்கி. அங்கிருந்து துரத்தல்தான்.

படம் எடுத்த கதையே ஒரு படம். போலீஸ் ஜீப்பும் வில்லன் ஜீப்பும் ஒரே ஜீப். நம்பர் பலகையை மட்டும் மாற்றுவார்கள். பிணமாக நடித்தது டைரக்டரின் சொந்தச் சித்தப்பா. முக்கியமான நேரத்தில் பிணத்துக்குத் தும்மல் வந்து, அந்த நாள் வீண். தயாரிப்பாளர் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருந்தவர். கடையில் இருந்த மோட்டாரெல்லாம் ஒவ்வொன்றாகப் படத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. கடைசித் துரத்தலுக்கு லைட் வாடகை எடுக்க வழியில்லை. டைரக்டர் தாடியைத் தடவி ஒரு யோசனை செய்தார். துரத்தல் ஆரம்பிக்கும்போது கிடங்கில் கரண்ட் போய்விடுகிறது. முடிந்தது கதை. லைட்டே வேண்டாம்.

"அக்கா, அந்த சீன்ல திரையில ஒண்ணும் தெரியாது" என்றார் காலடி அக்காவிடம். "நீங்க காட்டினாத்தான் உண்டு."

"படம் எடுக்கிற செலவை என் முட்டியில ஏத்திட்டீங்க. நல்லா இருங்க தம்பி" என்றாள் அவள்.

நடிகர்களின் ஷூவை அனுப்பி வைக்கச் சொன்னாள். காலுக்குக் கால் சத்தம் மாறும், ஷூ அதுவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஐந்து பையன்களின் ஷூவும் ஒரு சாக்கில் வந்து இறங்கியது. சாக்கைத் திறந்ததும் சவுண்ட் இன்ஜினியர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். ஆறாவது ஜோடி மட்டும் சாக்கில் இல்லை. அதை அந்தப் பெண்ணே கையில் எடுத்துக்கொண்டு நேரில் வந்தாள்.

இருபது வயசு இருக்கும். கிராப்பு முடி. கும்பலுக்காகப் பம்பரமாய்ச் சுற்றி உளவு பார்க்கிற வேடம் என்பதால் யூனிட்டில் அவளைப் பம்பரம் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். ஆனால் நிஜத்தில் அவள் நடை பம்பரத்துக்கு நேர் எதிர். இடது குதிகாலுக்குத் தரையை விட்டுப் பிரிய மனசே வராது. ஒரு தேய் தேய்த்துவிட்டுத்தான் மேலே கிளம்பும்.

"கொஞ்சம் நடந்து காட்டு" என்றாள் அக்கா.

"எதுக்குக்கா?"

"உன்னை மாதிரி நடக்கத்தான் எனக்குச் சம்பளம்."

அவள் நடந்தாள். அக்கா அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். பம்பரம் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயே! நான் இப்படியா நடக்கிறேன்?"

"இப்படித்தான்."

"எங்கம்மா சொல்லும்போது நம்பலைக்கா."

அன்றைக்கு அவள் போகவே இல்லை. மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். காலில் ஒரு ஜோடி, கையில் ஒரு ஜோடி மாட்டிக்கொண்டு அக்கா நாலு காலில் தரையை அறைவதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து இன்ஜினியரிடம் திட்டு வாங்கினாள். மத்தியானம் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டார்கள். அக்காவுக்கு எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலம் என்று அவளுக்கே நினைவில்லை. அதனால் கொஞ்சம் அவசர அவசரமாகச் சாப்பிட்டாள்.

"படத்துலதான் ஓடிவந்தவளா, நெஜமாவே ஓடிவந்தவளா நீ?"

"நெஜம்தான்க்கா. ஆனா ஓடலை, பஸ் ஏறி உக்காந்துதான் வந்தேன்."

பம்பரத்தின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற பிரிவில் வேலை. கெஞ்சிக் கூத்தாடி மகளுக்கும் அங்கேயே ஒரு வேலை வாங்கிக் கொடுத்தாள். மகள் சினிமாவில் நடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். போனில் அம்மா பேசியதை அப்படியே நடித்துக் காட்டினாள் பம்பரம்: "படமாம் படம்! எந்தப் படம்டி, எவன் கூட? ஓடுகாலி. நாலு பேர் முன்னாடி என் தலையைக் குனிய வெச்சிட்டே. படத்துல உன்னைக் காட்டு, அப்ப நம்புறேன். இல்லைன்னா இந்த வாசப்படி மிதிக்காதே."

"காட்டிட்டாப் போச்சு" என்றாள் அக்கா.

"அதான்க்கா. முதல் ஷோவுக்கே கூட்டிட்டு வரப்போறேன். வரேன்னு சொல்லிடுச்சு. பாக்கட்டும்."

ஷூவை அக்காவிடமே விட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு சாயங்காலத்தில் போன் வர ஆரம்பித்தது. விடுதிச் சாப்பாட்டைப் பற்றி, பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையைப் பற்றி, அம்மா மேல் இருக்கும் கோபத்தைப் பற்றி. அக்கா பெரும்பாலும் உம் கொட்டுவாள். போன் வருகிற நேரத்துக்கு முன்பே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள் என்பது பம்பரத்துக்குத் தெரியாது.

போன் வைத்த பிறகு ஷூவை மாட்டிக்கொண்டு அறைக்குள் அந்த நடையைப் பழகுவாள். தேய்த்து, எடுத்து, தேய்த்து, எடுத்து. கீழே வீட்டுக்காரம்மா கையில் கரண்டியோடு கூரையைப் பார்த்தபடி நின்றாள். இத்தனை வருஷம் சத்தமே வராத மாடி. இப்போது யாரோ நடக்கிறார்கள், அதுவும் மாடிக்காரி நடை இல்லை. காலைத் தேய்த்து நடக்கிற ஓர் இளசு. ஆனால் யாரும் படியேறி வரவும் இல்லை, இறங்கிப் போகவும் இல்லை. வீட்டுக்காரம்மாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. பேச விஷயம் கிடைத்தது.

எடிட்டர் புதிதாக வெட்டி அனுப்பியதில் துரத்தல் சீனைத்தான் முதலில் பதிவு செய்தார்கள், அன்றைக்குத்தான் வந்தது வினை. திரை முழுக்கக் கறுப்பு. எங்கோ ஒரு மூச்சு, ஓர் இருமல், தூரத்தில் டார்ச் வெளிச்சம் ஒரு புள்ளி. அக்காவுக்கு முன்பே அந்த ஓட்டம் மனப்பாடம். காலில் இரண்டு, கையில் இரண்டு என்று ஆள் மாற்றி ஆள் மாற்றி ஓடினாள். பம்பரம்தான் எல்லாருக்கும் கடைசியாக ஓடுகிறவள், அதனால் அவள் ஓட்டத்தைக் கடைசியாக ஓடினாள். குதிகால் தேய்வது இருட்டுக்குள் தனியாகக் கேட்டது. ஓடி முடித்து முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சீன் தொடர்ந்தது. கிடங்குக் கதவு திறந்து வெளிச்சம் வருகிறது. பையன்கள் வெளியே வந்து மூச்சு வாங்குகிறார்கள்.

ஐந்து பேர்.

அவள் மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் ஐந்து பேர்தான். எடிட்டருக்குப் போன் போட்டாள்.

"ஏம்பா, பம்பரம் எங்க?"

"ஓ, சொல்லலையாக்கா? படம் நீளமாயிடுச்சுன்னு அந்தப் பொண்ணு கேரக்டரையே தூக்கிட்டோம். அவ எல்லாத்துலயும் கடைசியாத்தானே வருவா. அவ வர்றதுக்கு முன்னாடி ஷாட்டை நறுக்கிட்டா சரியாப் போச்சு. சுத்தமாப் போயிட்டா, அடையாளமே தெரியாது."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"டைரக்டர் சொல்லியிருப்பாரு."

எங்கே சொல்லியிருப்பார்? அவருக்கே அந்தப் பெண்ணிடம் திட்டு வாங்கப் பயம்.

இந்த இடத்தில்தான் அந்த ஸ்டூடியோவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலிவு ஸ்டூடியோ. பெரிய இடங்களில் ஆளுக்கு ஒரு பதிவு தனித்தனியாக இருக்கும், வேண்டாததை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இங்கே கம்ப்யூட்டரில் இடம் பற்றாது. சாயங்காலம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டு, தனியாக இருந்ததை இன்ஜினியர் அழித்துவிடுவான். கலந்த பிறகு பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற கதைதான்.

"எல்லாம் சரியாக்கா? கலந்துடட்டுமா?" என்று கேட்டான் அவன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதுவரை நடந்தது தெரியாமல் நடந்த தப்பு. இதற்கு மேல் நடப்பது தெரிந்து நடப்பது. அவள் காலிலிருந்து பம்பரத்தின் ஷூவைக் கழற்றி, நாடாவை நிதானமாகச் சுற்றி முடிந்தாள்.

"கலந்துடு" என்றாள்.

கடைசி ஒலிச் சேர்ப்பின்போது டைரக்டர் காதில் அது விழுந்துவிட்டது. தாடிக்குள்ளிருந்து ஒரு கத்தல்.

"யாருக்கா இது? எக்ஸ்ட்ராவா ஓர் ஆள் ஓடுறாங்க?"

"பம்பரம்."

"அவதான் படத்துலயே இல்லையே!"

"இருந்தா. நீங்க எடுத்துட்டீங்க. என்கிட்ட யாரு சொன்னா?"

"திரும்ப எடுங்க."

தயாரிப்பாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "திரும்பவா? இன்னொரு நாள் ஸ்டூடியோ வாடகையா? யோவ், கடையில ஒரே ஒரு மோட்டார் இருக்கு. அதுவும் ரிப்பேருக்கு வந்த மோட்டார். இருட்டுல ஓடுறவனை எவன்யா எண்ணப் போறான்?"

டைரக்டர் முகம் சிவந்தது. தயாரிப்பாளரைக் கடிக்க முடியாது, அதனால் அக்கா பக்கம் திரும்பினார். "டைட்டில்ல உங்க பேர் வராது. இனிமே என் படத்துக்கும் நீங்க வேண்டாம்."

"போன படத்துல என் பேரைத் தப்பாத்தான் போட்டீங்க. வராமலே போனா மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசல் வரை நன்றாகத்தான் நடந்தாள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாள்.

போன பேர் போகட்டும். பம்பரத்திடம் எப்படிச் சொல்வது? தினமும் சாயங்காலம் போன் வரும். "அக்கா, அம்மா லீவு போட்டுடுச்சுக்கா." "அக்கா, அம்மா புதுப் புடவை எடுத்திருக்காம்." இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று அக்கா வாயைத் திறப்பாள். அதற்குள் அவள் சிரித்துவிடுவாள். சொல்லிவிட்டால் நாளைக்குப் போன் வராது என்ற பயமும் இருந்தது. அதை அவள் யாரிடமும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

முதல் ஷோ. தியேட்டரில் பாதிக்கு மேல் காலி. பம்பரம் நடுவில், ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அக்கா. அம்மா விறைத்து உட்கார்ந்திருந்தாள். சோப்பு நீரில் ஊறி வெளுத்த விரல்களை மடியில் கோத்து வைத்திருந்தாள்.

"நீங்க யாரும்மா? படத்துல என்ன பண்றீங்க?"

"நானா? சும்மா துணைக்கு வந்தேன்" என்றாள் அக்கா.

படம் ஆரம்பித்தது. கிடங்கு வந்தது, பஸ் வந்தது, ஒவ்வொரு பையனாக வந்தான். பம்பரம் முதலில் சீட் நுனியில் இருந்தாள். "இப்ப வருவேன்மா." வரவில்லை. "இதுக்கு அடுத்தது." அடுத்ததிலும் இல்லை. மெல்ல மெல்ல முதுகு சீட்டில் சாய்ந்தது. அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

இடைவேளையில் லைட் போட்டார்கள். அம்மா கேட்டாள், சத்தமே போடாமல் கேட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

"எங்கடி நீ?"

பம்பரம் தரையைப் பார்த்தாள்.

"ஆறு மாசமா எங்க இருந்தேன்னு கேக்குறேன். இங்க இருந்தேன்னு சொன்னியே. இங்க எங்க இருக்க?"

"வெட்டிட்டாங்க போலம்மா."

"வெட்டிட்டாங்களாம். நல்லா இருக்குடி. கேக்குறவ கேணச்சி." அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டாள்.

அக்கா குறுக்கே கையை நீட்டினாள். வாழ்நாளில் யாருடைய வழியையும் மறித்தவள் இல்லை. "அம்மா, இருங்க. இடைவேளைக்கு அப்புறம் ஒரு ஓட்டம் வரும். அதைப் பாத்துட்டுப் போங்க. பாக்க ஒண்ணும் இருக்காது. கேட்டுட்டுப் போங்க."

என்ன நினைத்தாளோ, உட்கார்ந்தாள். டிக்கெட் எடுத்த காசுக்காகவும் இருக்கலாம்.

கிடங்கில் கரண்ட் போயிற்று. திரை கறுத்தது, தியேட்டரே கறுத்தது. மூச்சு. இருமல். ஒரு குரல், "ஓடுங்கடா!" அப்புறம் கால்கள். சிமெண்டுத் தரையில் தடதடவென்று மழை மாதிரி கால்கள். ஒருத்தன் கனமாக, ஒருத்தன் தாவித் தாவி, ஒருத்தன் குப்புற விழுகிற மாதிரி முன்பாதத்தில். கால்கள் முன்னால் போய்த் தேய்ந்தன. கடைசியாக, தனியாக, இன்னும் ஒரு ஜோடி. ஓர் எட்டு, ஒரு தேய். ஓர் எட்டு, ஒரு தேய்.

அம்மாவின் கோத்த கை பிரிந்தது.

"இது நீ" என்றாள்.

பம்பரம் அம்மா பக்கம் திரும்பினாள்.

"இது நீதாண்டி. எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன், காலைத் தூக்கி வெச்சு நடடி, செருப்பு தேயுதுன்னு. படத்துலயும் போய்த் தேச்சிருக்கியே, மானம் போவுது." அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். "பம்பரமாம், பம்பரம்!"

பின் வரிசையில் இரண்டு பையன்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். "டேய், ஆறு பேர் ஓடுறாங்கடா. இருக்கிறது அஞ்சு பேர்தானே? பேய்டா!"

அம்மா எழுந்தே திரும்பிவிட்டாள். "எவன்டா பேய்ங்கிறது? அது என் பொண்ணு. வாயை மூடிக்கிட்டுப் படத்தைப் பாரு."

இருட்டில் ஒரு கை வந்து அக்காவின் முழங்கையைப் பிடித்தது. பம்பரத்துக்கு மட்டும் தெரியும், அது தன் கால் இல்லை என்று. அக்கா திரும்பவில்லை. வெளிச்சம் வந்து ஐந்து பேர் மூச்சு வாங்கும் வரைக்கும் அந்தக் கை விலகாமல் இருந்தது.

வெளியே வந்ததும் அக்கா பையிலிருந்து ஷூவை எடுத்துக் கொடுத்தாள். துடைத்து, நாடா சுற்றி வைத்திருந்தாள்.

"வெச்சுக்கங்கக்கா" என்றாள் பம்பரம்.

"வேலை முடிஞ்சா திருப்பிக் குடுத்துடணும். அதான் முறை."

அம்மா மகளின் கையைப் பிடித்திருந்தாள், விட்டால் மறுபடி ஓடிவிடுவாள் என்பது போல. விடுதிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டுவிட்டாள். "வரோம்மா, துணைக்கு வந்தீங்களே, நல்லா இருங்க" என்றாள். பஸ் ஜன்னலிலிருந்து பம்பரம் கையாட்டினாள். வாயசைத்து ஏதோ சொன்னாள், இரைச்சலில் கேட்கவில்லை. கேட்பதையே தொழிலாக வைத்திருக்கிறவளுக்கு அது கேட்கவில்லை.

சில நாள் போன் வந்தது. ஆஸ்பத்திரி வேலைக்கே திரும்பியிருக்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமை நாடகம் ஒன்றில் நடிக்கிறாளாம், அம்மா ஒத்திகைக்குக் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டு உயிரை வாங்குகிறாளாம். பிறகு வாரம் ஒருமுறை ஆனது. பிறகு பெண் மறந்துபோனாள். வீட்டில் பேச ஆள் இருக்கிறவர்கள் சாயங்காலத்தில் யாருக்குப் போன் பண்ணுவார்கள்? தப்பில்லை. அக்கா அடுப்பை மட்டும் பழைய நேரத்துக்கே அணைத்துக்கொண்டிருந்தாள்.

டைரக்டர் சொன்னதைச் செய்தார், பேர் போடவில்லை. ஆனால் வேறு படங்கள் வந்தன. போலீஸாக நடந்தாள், மாமியாராக நடந்தாள், ஒரு குதிரையாகவும் நடந்தாள். வீட்டுக்கு வந்தால் வெறுங்கால்.

இருட்டில் ஆறு பேர் ஓடுகிற கதை தியேட்டரிலிருந்து கிளம்பி, கைமாறிக் கைமாறி, ஒருவழியாக வீட்டுக்காரம்மா காதுக்கு வந்து சேர்ந்தது. அவளிடம் ஏற்கெனவே பாதிக் கதை இருந்தது. மாடியில் நடந்த இளசு, யாரும் ஏறாத படி, திடீரென்று நின்றுபோன சத்தம். இரண்டையும் சேர்த்துத் தைத்தாள். தெருவே போர்த்திக்கொண்டது.

கடைசியில் அவளுக்கே பொறுக்கவில்லை. ஒரு காலைநேரம் துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்கு வந்து, கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா பக்கத்தில் நின்று குரலைத் தாழ்த்தினாள்.

"ஏம்மா, தப்பா நெனைக்காதே. உன் பொண்ணு நல்லபடியாப் போய்ச் சேந்துடுச்சா? இப்ப சத்தமே காணோமே. தெருவே பேசுது."

"தெரு எங்க பேசுச்சு? நீங்கதான் பேசினீங்க."

"நான் என்னத்தைப் பேசினேன்? காதுல விழுந்ததைச் சொன்னேன். பெத்த வயிறு என்ன பாடு படும்னு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் படத்துக்குள்ள விட்டு அடைச்சது கொஞ்சம் பாவம்தான்மா."

காலடி அக்கா கையிலிருந்த ஈரத் துணியை வாளியில் போட்டாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. எனக்குப் பொண்ணே கெடையாது. பொறக்காதவ எங்க ஓடறது, எங்க சாகறது? அந்தப் பொண்ணு வேற ஒருத்தி பெத்த பொண்ணு. உசிரோட இருக்கா, அவங்கம்மா கூட சண்டை போட்டுக்கிட்டு நல்லா இருக்கா. மேல நடந்தது நான். படத்துல ஓடுனதும் நான். பேயை அடைச்சு வெச்சேனாம்! அப்படி ஒண்ணு என்கிட்ட வந்திருந்தா நான் எதுக்கு அதைக் கொண்டுபோய் விடப்போறேன்? கூடவே வெச்சிட்டிருந்திருப்பேன்."